பாவ் பஞ்சு மாதிரி வரணும்னா

பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சீனத்துப் பாவ் சிங்கப்பூரில் கிடைக்காத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோப்பிக்கடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி பறக்க அடுக்கி வைத்திருப்பார்கள். எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கும். பேரங்காடியில் உறைந்த பாவ் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடக்கும். "இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு சனிக்கிழமையையே தாரை வார்க்கிறாயே" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். பேசிக்கொண்டே மூன்றாவது பாவை எடுப்பவரும் அவர்தான் என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

கடைப் பாவ் காலையிலிருந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே ஆவியில் ஊறிக்கொண்டிருக்கும். மதியத்துக்குமேல் வாங்கினால் அடித்தாளை உரிக்கும்போது பாதித் தோலும் சேர்ந்து வந்துவிடும். வீட்டில் மூடியைத் திறந்து ஐந்து நிமிடத்துக்குள் கையில் எடுக்கும் பாவ் வேறு ஜாதி. தோல் மெல்லிசாக, உலர்ந்து, விரலில் ஒட்டாமல் இருக்கும். பிட்டால் உள்ளே நூல் நூலாகப் பிரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நம் கையில் இருக்கும். சார் சியூ பாவில் பன்றி இறைச்சி என்பது எல்லோருக்கும் தெரியும். சிவப்பு அவரை விழுது வைத்த தாவ் சார் பாவைச் சைவம் என்று நம்பி வாங்கும் நம்மவர்கள் நிறைய. சில கடைகளில் அந்த விழுதையே பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், மாவிலும் அதையே சேர்ப்பதுண்டு. கேட்டு வாங்குவது நல்லது. ஹலால் கடைகளில் கோழி, உருளைக்கிழங்கு கறி, காயா ஜாம் வைத்த பாவ் கிடைக்கும். நன்றாகவும் இருக்கும். ஆனால் முட்டைக்கோஸும் காளானும் கண்ணாடி நூடுல்ஸும் வைத்த நல்ல காரப் பாவ் வேண்டுமென்றால், என் பேட்டையில் நானேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மெத்துனு வரலையே, ஈஸ்ட் கூடப் போடட்டுமா?" அடுத்தது, "பேக்கிங் பவுடர் கூடப் போடட்டுமா?" இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. மென்மை டப்பாவிலிருந்து வருவதில்லை. பாவுக்கு, மாவுக்குள் இருக்கும் பெரிய காற்றுக் குமிழிகளை விரட்டத் தெரிய வேண்டும். அடுப்பில் வேகும் ரொட்டிக்கு, தண்ணீரை உள்ளே கட்டிப்போடத் தெரிய வேண்டும். இந்த இரண்டு வேலைகளைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

அதற்கு முன்னால் ஒரு வழக்கு இருக்கிறது. நான் செய்வது பாவே இல்லை என்று சொல்கிற ஒருவர் எங்கள் பிளாக்கிலேயே, எனக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறார்.

ஷான்டோங் மாகாணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி அவர். அவருக்குச் சீனம் தவிர வேறு மொழி தெரியாது. எனக்குச் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் சீனம். இடையில் மொழிபெயர்ப்பாளர், தொடக்கப்பள்ளியில் படிக்கும் பேத்தி. முதல் தடவை நான் கொண்டுபோய்க் கொடுத்த வெள்ளை வெளேர் பாவைப் பாட்டி பிட்டுப் பார்த்தார், முகர்ந்தார், பேத்தியிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆன்ட்டி, லாவ்லாவ் (பாட்டி) கேக்குறாங்க, இது கேக்கான்னு" என்றாள்.

பாட்டி கேட்டதில் தப்பில்லை. சீனாவில் ச்சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அதற்கு வடக்கே கோதுமை, தெற்கே நெல். வடக்கே மான்தோவ் என்பது பலகாரம் அல்ல, சோறு. உள்ளே எதுவும் வைக்காமல் வெறும் மாவை உருட்டி ஆவியில் வேகவைத்து, காய்கறியோடும் குழம்போடும் சாப்பிடுவார்கள். நாம் பாவ் என்று சொல்லும் பூரணம் வைத்த வகை அங்கே பாவ்ஸி. தெற்கே காண்டன் பக்கம் தேநீர்க் கடைகளில் சிற்றுண்டியாக மாறியபோதுதான் அது சர்க்கரை சேர்ந்து, வெளுத்து, உப்பி, மேலே மூன்று நான்காகப் பிளந்து சிரிக்க ஆரம்பித்தது. அந்தச் சிரிப்புக்கு அமோனியம் பைகார்பனேட்டும் பேக்கிங் பவுடரும் கொழுந்துவிட்டு எரியும் தீயும் வேண்டும். வீட்டில் அதை முயற்சி செய்யாதீர்கள் என்பேன். வேகும்போது சமையலறை முழுக்க அடிக்கும் அமோனியா நெடிக்காகவாவது விட்டுவிடலாம்.

பாட்டி செய்யும் மான்தோவைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். புளித்துப் பொங்கிய மாவை எடுத்து, அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாக உலர்ந்த மாவைத் தூவித் தூவி, உடம்பின் பாரம் முழுவதையும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறக்கித் தள்ளுவார். மாவு இனி வாங்காது என்று நமக்குத் தோன்றும். அவர் இன்னொரு கைப்பிடி போடுவார். கடைசியில் மாவு உருண்டை கல் மாதிரி கனக்கும். வெந்ததும் அதைப் பிட்டால் வெங்காயம் போல ஏடு ஏடாக உரியும். சர்க்கரை ஒரு துளி கிடையாது. மென்றுகொண்டே இருந்தால் கோதுமையின் இனிப்புத் தானாக வாயில் ஊறும். ஷான்டோங்கில் இந்த முறைக்குப் பெரிய மரியாதை. பாட்டி ஊர்ப் பக்கம் புத்தாண்டுக்குப் பூ வடிவிலும் மீன் வடிவிலும் மான்தோவ் செய்து, செம்பேரீச்சையைச் செருகி வேகவைப்பார்கள்.

எது சரி என்று கேட்டால், மனசுக்குள் நான் பாட்டி கட்சி. பிள்ளைகள் வெள்ளைப் பாவ் கட்சி, மாறுவதாக இல்லை. அதனால் வீட்டில் செய்வது இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

இந்தப் பண்டத்தின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று ராஜ்ஜியங்களின் காலத்துத் தளபதி ஜூகெ லியாங், 225இல் தெற்கே படையெடுத்துப் போய்த் திரும்பும்போது ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றாராம். மனிதத் தலைகளைப் பலி கொடுத்தால் ஆறு வழிவிடும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்ல, அவர் மாவுக்குள் இறைச்சியை வைத்துத் தலை வடிவில் செய்து ஆற்றில் போட்டாராம். இது பல நூற்றாண்டு கழித்து எழுதி வைக்கப்பட்ட கதை, அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் 300ஆம் ஆண்டை ஒட்டி ஷு ஷி என்ற புலவர் மாவுப் பண்டங்களைப் பற்றியே ஒரு நீண்ட கவிதை எழுதி, வசந்தத்தின் தொடக்கத்துக்கு ஏற்றது மான்தோவ் என்று சொல்லியிருக்கிறார். ஆக, 1,700 வருடமாவது ஆகிறது.

சரி, மாவுக்கு வருவோம்.

இங்கே 'பாவ் மாவு' என்றே பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். வெளுக்கப்பட்ட, புரதம் குறைந்த கோதுமை மாவு. புரதம் 8, 9 சதவீதம் இருக்கும். ரொட்டி மாவில் 12, 13 வரை போகும். புரதம் குறைந்தால் பசைத்தன்மை குறையும், பாவ் இழுவையாக இல்லாமல் பொசுக்கென்று கடிபடும். ஊரில் இருப்பவர்கள் இதைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண மைதா போதும். மதுரையில் என் அக்கா மளிகைக் கடை மைதாவில்தான் செய்கிறாள், குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. ரொம்ப மெத்தென்று வேண்டுமானால் பத்தில் ஒரு பங்கு மைதாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோள மாவு சேர்த்துக்கொள்ளலாம். நான் சொல்வது கஸ்டர்டுக்குப் போடும் வெள்ளைச் சோள மாவு.

வெள்ளை நிறத்தின் மேல் நமக்கு இருக்கும் மோகம் இங்கேயும் விடுவதில்லை. "கடைப் பாவ் மாதிரி வெள்ளையா வரலை" என்று வருத்தப்படுகிறார்கள். கடைக்காரர் வெளுத்த மாவு போடுகிறார், நம்முடையது லேசான தந்த நிறத்தில் வருகிறது, அவ்வளவுதான். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மஞ்சளாக வந்தால் அதற்குக் காரணம் உண்டு. கோதுமையில் இயற்கையாக இருக்கும் நிறமிகள் காரம் பட்டால் மஞ்சளாகும். சோடா உப்பு கூடிப்போனால் இதுதான் நடக்கும். பழைய காலத்தில் முந்தின நாள் மாவில் ஒரு கட்டியை எடுத்து வைத்து, அதையே உறையாகப் போட்டுப் புளிக்கவைப்பார்கள். அந்தப் புளிப்பை முறிக்கச் சோடா போடுவார்கள். குறைந்தால் புளிக்கும், கூடினால் மஞ்சளாகிச் சோப்பு வாடை அடிக்கும். அந்தக் கைப்பக்குவம் பாட்டியிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை, நான் உடனடி ஈஸ்ட் ஆள். வெள்ளை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி வினிகர் விட்டுக்கொள்ளலாம். தோலில் அங்கங்கே மஞ்சள் புள்ளி மட்டும் விழுந்தால், பேக்கிங் பவுடர் சரியாகக் கரையவில்லை என்று பொருள். சலித்துப் போடுங்கள்.

அளவு: மாவு 300 கிராம், சர்க்கரை 30 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம், பேக்கிங் பவுடர் 3 கிராம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீரோ பாலோ 150 முதல் 160 மில்லி. பேக்கிங் பவுடர் இல்லாமலும் வரும். தண்ணீரைக் கூட்டாதீர்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருப்பதுதான் கணக்கு. இளக்கமாகப் பிசைந்தால் பாவ் உயராமல் பக்கவாட்டில் படர்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைக்கச் சொல்லும் குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சமையலறை 30 டிகிரியில் இருக்கும் நமக்குக் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர்தான் வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது பாவை நீங்கள் மடித்து முடிப்பதற்குள் முதல் பாவ் பொங்கித் தளர்ந்து போயிருக்கும்.

பத்து நிமிடம் பிசைந்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அதற்குப் பிறகு நான் சொன்ன முதல் வேலை. மாவைப் பூரிக் கட்டையால் நீளமாகத் தேயுங்கள், மூன்றாக மடியுங்கள், திருப்பி வைத்து மறுபடி தேயுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படிச் செய்ய வேண்டும். கட்டையை அழுத்தும்போது ஓரத்தில் குமிழிகள் டப் டப்பென்று வெடிக்கும் சத்தம் காதில் விழும். நாலைந்து தடவைக்குமேல் மாவின் முகம் மாறும். சொரசொரப்புப் போய்ப் பட்டுத் துணி வழவழப்பு வரும். கடைகளில் இதற்கு உருளை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் பாஸ்தா இயந்திரம் இருந்தால் அதிலும் விடலாம்.

எதற்கு இத்தனை பாடு என்றால், உள்ளே பெரிய குமிழி ஒன்று தங்கிவிட்டால் அது ஆவிச் சூட்டில் மளமளவென்று விரியும். மூடியைத் திறந்ததும் சுருங்கும், சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பள்ளமும் சுருக்கமுமாகத் தோல் வருவது இதனால்தான். எல்லாக் குமிழியையும் வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத பொடிக் குமிழிகள், லட்சக்கணக்கில், ஒரே அளவில். அவை எல்லாம் சேர்ந்து சமமாக உப்பும். நாம் பஞ்சு என்று சொல்வது அதைத்தான். ரொட்டிக்குப் போல ஒரு முறை பொங்கவிட்டு, அடக்கி, மறுபடி பொங்கவிடுவது பாவில் எனக்குப் பிடிக்காது. பூரணம் வைத்து மடித்த பிறகு ஒரே ஒரு தடவை பொங்கவிட்டால் போதும், தோல் வழவழப்பாக வரும்.

பூரணத்தில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை, உங்கள் இஷ்டம். கோழி என்றால் தொடைக் கறியைக் கொத்தி, சோயா சாஸ், வெள்ளை மிளகுத் தூள், எள்ளெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். இங்கே வடசீனத்துக்காரர்களின் ஒரு வேலை முக்கியம். இஞ்சியையும் வெங்காயத்தாளையும் தட்டிப் போட்டு ஊறவைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கறியில் விட்டு, ஒரே திசையில் சுற்றிக் கலக்குவார்கள். கறி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பசை போல இறுகும் வரை கலக்க வேண்டும். வெந்த பிறகு கடித்தால் சாறு வழிவது இதனால்தான். பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளைக் கடைசியில் சேர்த்துப் பூரணத்தைக் குளிரில் வைத்துவிடுங்கள், இறுகினால் மடிக்கச் சுலபம். இந்த எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, கறுத்த நிறத்தில் இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெயை அந்த இடத்தில் ஊற்றினால் வாசனை எடுபடாது. சைவம் என்றால் முட்டைக்கோஸை நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி, இருபது நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். பிழியாமல் வைத்தால் அடித்தோல் ஈரமாகிக் கிழியும்.

மாவை 50 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் பத்து வரும். தேய்க்கும்போது நடுவில் கனமாக, ஓரத்தில் மெல்லிசாக இருக்கட்டும். மடிப்புகள் எல்லாம் மேலே ஒன்று சேர்வதால் ஓரமும் கனமாக இருந்தால் உச்சியில் வேகாத மாவுக்கட்டி நிற்கும். பாட்டி மடிக்கும்போது அவருடைய இடது கட்டைவிரல் பூரணத்தின்மேல் அழுத்தியபடி அசையாமல் நிற்கும். வலது கட்டைவிரல் உள்ளேயே இருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் ஓரத்தைச் சிறுகச் சிறுக எடுத்து அதன்மேல் அடுக்கும். இடது கை பாவை மெதுவாகச் சுழற்றிக்கொடுக்கும். பேச்சை நிறுத்த மாட்டார், கையைப் பார்க்கவும் மாட்டார். தியான்ஜின் நகரத்தின் புகழ்பெற்ற கோவ்புலி பாவ்ஸிக்கு 18 மடிப்பு என்பது கணக்கு. நமக்கு எட்டு வந்தாலே போதும். அதுவும் வராவிட்டால் மூட்டை கட்டிக் கவிழ்த்து வையுங்கள், வழவழப்பான பக்கம் மேலே வந்துவிடும், யாருக்கும் தெரியாது.

பொங்குவதற்கு இங்கே அரை மணி, முப்பத்தைந்து நிமிடம் போதும். கடிகாரத்தை நம்பாமல் கையில் எடுத்துப் பாருங்கள். அளவு ஒன்றரை மடங்கு ஆகியிருக்க வேண்டும், கையில் எடுத்தால் எடை குறைந்த மாதிரி தோன்ற வேண்டும். பக்கத்தில் விரலால் தொட்டால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். குழி அப்படியே நின்றால் நேரம் கடந்துவிட்டது. இரட்டிப்பாகும் வரை விடக் கூடாது, மீதி உப்பலை ஆவி பார்த்துக்கொள்ளும்.

வேகவைப்பதில்தான் பாதிப் பாவ்கள் பாழாகின்றன.

மூங்கில் கூடைக்கு இத்தனை மரியாதை அழகுக்காக வந்ததில்லை. மூங்கில் மூடி ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும், கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். எவர்சில்வர் மூடியில் ஆவி குளிர்ந்து தண்ணீராகிச் சொட்டும். சொட்டு விழுந்த இடத்தில் தோல் உப்பாமல், பசை காய்ந்த மாதிரி கெட்டியாகிப் பளபளவென்று நிற்கும். இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. இட்லிப் பானையை எடுங்கள், குழித்தட்டுக்குப் பதிலாக ஓட்டைத் தட்டை வையுங்கள், மூடியை ஒரு பருத்தித் துணியால் சுற்றி முடிச்சை மேலே போடுங்கள். துணி தொங்கித் தீயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூங்கில் கூடை வாங்கக் கடை கடையாக ஏற வேண்டியதில்லை.

தண்ணீர் கொதித்ததும் தீயை நடுத்தரத்துக்கு இறக்கி, பாவ்களை இடைவெளி விட்டு வையுங்கள். 50 கிராம் பாவுக்குப் பன்னிரண்டு நிமிடம். தளதளவென்று கொதிக்கும் தீயில் வைத்தால் தோல் வேகமாக உப்பி, உள்ளே இறுகுவதற்குள் தளர்ந்துவிடும். நேரம் ஆனதும் அடுப்பை அணையுங்கள், ஆனால் மூடியைத் தொடாதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து ஓரமாக ஒரு கரண்டிக் காம்பைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வெளியேற விடுங்கள். இன்னும் மூன்று நிமிடம் கழித்துத் திறக்கலாம். சட்டென்று திறந்தால் பாவுக்குள் இருக்கும் சூடான ஆவி ஒரே நொடியில் குளிர்ந்து சுருங்கும், வெளிக்காற்று தோலை அழுத்தும், கண்ணெதிரே பாவ் கிழவியாகிவிடும். பசித்த பிள்ளைகளைச் சமையலறையை விட்டு வெளியேற்றுவதும் இந்தப் பக்குவத்தில் சேர்த்தி.

ஆவி அடங்கும் வரை ஒரு கதை. ஹாங்காங்கின் ச்சேங் ச்சாவ் தீவில் பாவை வைத்து ஒரு திருவிழாவே நடக்கிறது. சீன நாள்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாளை ஒட்டி, சிவப்பு முத்திரை குத்திய வெள்ளைப் பாவ்களால் கோபுரம் கட்டி, நள்ளிரவில் அதன்மேல் ஏறிப் பறிப்பார்கள். 1978இல் கோபுரம் சரிந்து பலருக்குக் காயம் ஏற்பட்டதால் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். 2005இல் இரும்புச் சட்டக் கோபுரத்தோடு மறுபடி தொடங்கினார்கள். இப்போது போட்டிக்குத் தொங்குவது பிளாஸ்டிக் பாவ். சாப்பிடுகிற பாவைத் தீவின் ரொட்டிக்கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். விழா நாட்களில் சைவம் கடைப்பிடிப்பது அங்கே மரபு.

பூரணமே வேண்டாம், ஆனால் காரமாக வேண்டும் என்பவர்களுக்கு ஹுவாஜுவான் இருக்கிறது. அதே மாவுதான், சர்க்கரையை மட்டும் ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவை அகலமாகத் தேய்த்து, எண்ணெய் தடவி, உப்பும் சிச்சுவான் மிளகுத் தூளும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் தூவி, பாயாகச் சுருட்டித் துண்டு போடுங்கள். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் குச்சியால் அழுத்தி, இரு முனையையும் பிடித்து முறுக்கி அடியில் செருகினால் ஏடு ஏடாக விரிந்த பூ. வாயை மரத்துப் போகச் செய்யும் சிச்சுவான் மிளகு பிடிக்காவிட்டால் நம் மிளகையே இடித்துப் போடலாம். எங்கள் வீட்டில் கோழிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட இதுதான் வருகிறது. பாட்டி அங்கீகரித்த ஒரே தயாரிப்பும் இதுதான்.

இனி அடுப்பு ரொட்டி.

தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் ரொட்டிக்கடைகளில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்கிக்கொள்ளும் அந்த மென்ரொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாசேஜ் சுற்றியது, சோளமும் மயோனைஸும் வைத்தது, மேலே இறைச்சித் துருவல் ஒட்டியது. 2000இல் தொடங்கிய பிரெட்டாக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்தத் துருவல் ஒட்டிய ஃபிளாஸ் ரொட்டிதான். எனக்கு இவற்றில் தலையாயது தைவானின் வெங்காயத்தாள் ரொட்டி. அங்கே யிலான் பக்கம் சான்சிங் என்ற ஊர் வெங்காயத்தாளுக்கென்றே பேர் போனது.

இந்த ரொட்டிகள் மறுநாளும் மெத்தென்று இருப்பதற்குக் காரணம், மாவில் ஒரு சிறு பகுதியை முதலில் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்ப்பது. டாங்ஜோங் என்பார்கள். ஜப்பானில் கொதிநீரை மாவில் ஊற்றிப் பிசையும் யுடானே என்ற முறை ஏற்கெனவே உண்டு. தைவானின் இவோன் சென் 2007இல் 65 டிகிரி என்பதைத் தலைப்பிலேயே போட்டு ஒரு புத்தகம் வெளியிட்ட பிறகு ஆசியா முழுக்க வீட்டுச் சமையலறைகளில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். 65 டிகிரியை எட்டும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் துகள்கள் வீங்கி, பச்சையாக இருந்தபோது பிடித்ததைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கையில் ஒட்டாது, பிசையும்போது கசியாது, அடுப்புச் சூட்டிலும் சுலபத்தில் தப்பி ஓடாது. தண்ணீரைக் கட்டிப்போடுவது என்று நான் சொன்னது இதைத்தான். பேக்கரிக்காரர்கள் பாக்கெட்டில் வாங்கிக் கலக்கும் மென்மையூட்டி செய்கிற வேலையை இந்த இரண்டு கரண்டிக் கஞ்சி செய்துவிடுகிறது.

20 கிராம் ரொட்டி மாவை 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். கரண்டி போன தடம் அடிச்சட்டியில் ஒரு கணம் நின்று மறைந்தால் இறக்கிவிடலாம், வெப்பமானி தேவையில்லை. நன்றாக ஆறட்டும். அதோடு ரொட்டி மாவு 280 கிராம், பால் 80 மில்லி, முட்டை ஒன்று, சர்க்கரை 35 கிராம், உப்பு 5 கிராம், ஈஸ்ட் 4 கிராம். பாலில் ஒரு கரண்டியை நிறுத்திவைத்துத் தேவை பார்த்து விடுங்கள். பாவுக்குச் சொன்னதை இங்கே மறந்துவிட வேண்டும். இந்த மாவு கையில் பிசுபிசுக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். பயந்து மாவைத் தூவினால் கட்டிப்போட்ட தண்ணீரை நாமே அவிழ்த்துவிட்ட கணக்கு. பத்து நிமிடம் பிசைந்த பிறகு 30 கிராம் வெண்ணெய் சேர்த்து மறுபடி பிசையுங்கள். வெண்ணெய் போட்டதும் எல்லாம் சொதசொதவென்று பிரிந்து கெட்டுப்போன மாதிரி தெரியும். விடாமல் பிசைந்தால் ஐந்தாறு நிமிடத்தில் ஒன்று சேர்ந்துவிடும். ஒரு துண்டை இரு கையாலும் விரித்தால் கிழியாமல் சவ்வு போல விரிந்து, பின்னால் இருக்கும் விரல் மங்கலாகத் தெரிய வேண்டும்.

ஊரில் ரொட்டி மாவு கிடைக்காவிட்டால் மைதாவிலும் செய்யலாம். பாலை இரண்டு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். உயரம் கொஞ்சம் குறையும், மென்மை குறையாது.

ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, காற்றை அடக்கி, 65 கிராம் உருண்டைகளாக்கி, நீள்வட்டமாகச் சுருட்டித் தட்டில் வைத்து இன்னொரு முக்கால் மணி நேரம். மேலே போடும் வெங்காயத்தாளை இந்த நேரத்தில் நறுக்கிக்கொள்ளலாம், ஆனால் உப்புச் சேர்க்காதீர்கள். உப்புப் பட்டால் நீர் விட்டுத் துவண்டுவிடும். அடுப்பில் வைக்கப் போகும் நிமிடத்தில்தான் ஒரு கை நிறைய வெங்காயத்தாளோடு பாதி முட்டை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, வெள்ளை மிளகுத் தூள் கலக்க வேண்டும். எண்ணெய்க்குப் பதிலாகத் தைவானில் பன்றிக் கொழுப்பு விடுவார்கள், நான் நெய் விடுகிறேன். மீதி முட்டையை ரொட்டியின்மேல் தடவி, நடுவில் கத்தியால் நீளமாக ஒரு கீறல் போட்டு, அதை நிரப்பி, 180 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். வெங்காயத்தாள் ஓரம் மட்டும் கருகத் தொடங்கும்போது எழும் மணத்துக்கு எதிர்வீட்டுக் கதவும் திறக்கும்.

பாவ் ஏன் சிவப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்டால் இந்த ரொட்டியைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவந்து மணப்பதற்கு அதைவிட ரொம்ப அதிகச் சூடு வேண்டும். அதனால்தான் பாவில் பூரணத்துக்கு மிளகும் எண்ணெயும் தாராளமாக வேண்டியிருக்கிறது. ரொட்டிக்கு அதன் தோலே பாதி ருசியைக் கொடுத்துவிடும்.

மிச்சம் மீந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், ரொட்டியும் பாவும் அந்தக் குளிரில்தான் சீக்கிரம் விறைக்கும். ஒன்று வெளியே மூடி வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஆறியதும் உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். கறி வைத்த பாவை வெளியே விடவே கூடாது, நேராக உறைபெட்டிதான். எடுத்து, உருகவிடாமல் அப்படியே எட்டு நிமிடம் ஆவியில் வைத்தால் புதிதாகச் செய்த மாதிரியே இருக்கும். வெறும் மான்தோவ் மீந்தால் இன்னும் நல்லது. எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து இனிப்புக் கெட்டிப்பாலில் தோய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். சில்லி நண்டு சமைக்கிற அன்றைக்கு அது அவர்களுக்குக் கிடைக்காது, சட்டியில் மிஞ்சும் சாஸை வழிக்க எங்களுக்கே போதாது.